‘பிக் அப்’: பழம் பொறுக்குவதிலிருந்து போன் எடுப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007இல் வைத்த பெயர் அது. ஊர்க்காரர்கள் பலர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே வியாழக்கிழமை இரவுகளில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பள்ளிவேன் ஓட்டும் அண்ணன் ஒருவர், தொழிற்சாலைக்குப் போகும் தம்பிகள், கிளினிக் கவுண்டரில் இருக்கும் தங்கச்சி, பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கொடுக்க ஆசைப்பட்டு வரும் இரண்டு அத்தைகள் என்று ஒரு பன்னிரண்டு பேர் வருவார்கள். நீளமான சொற்களை எல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். ‘பிக் அப்’ வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மூன்று வாரம் அதிலேயே ஓடியது. அப்போது வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. வகுப்பில் உளறிய இடங்களை இங்கே கொஞ்சம் சரி செய்திருக்கிறேன்.

‘பிக்’ ஒரு சொல், ‘அப்’ ஒரு சொல். இரண்டையும் சேர்த்தால் ஏன் இத்தனை அர்த்தம்?

தமிழிலும் இது உண்டு. ‘கண்டுபிடி’ என்கிறோம். காண்பதும் பிடிப்பதும் தனித்தனி வேலை. சேர்ந்ததும் அது மூன்றாவது வேலையாகிவிடுகிறது. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம், கணக்குக்கு விடை கண்டுபிடிக்கிறோம், பையன் பொய் சொல்வதைக் கண்டுபிடிக்கிறோம். ‘கைவிடு’ என்பதில் யாரும் கையைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வினையோடு அப், ஆஃப், அவுட், ஆன் மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு புது அர்த்தம் தந்தால் அதற்கு ‘பிரேசல் வெர்ப்’ என்று பெயர். ஆங்கிலேயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தாலும் இந்தப் பெயர் புதிது. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் நூலில் இதைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரத்தடியிலிருந்து. நம் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்காக முதலில் நட்டது 1917இல், நம் பக்கத்திலேயே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை.

என் அம்மா உதிரி பொறுக்கியவர். குலையை வெட்டுகிறவர் நீளமான கழியில் கட்டிய அரிவாளால் இழுப்பார். குலை ‘தொம்’மென்று விழும்போது பழுத்த பழங்கள் சிதறி ஓடும். சில மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாதைக்கு வரும், சில வெட்டிப்போட்ட மட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், சில புல்லுக்குள் போய்விடும். அம்மா குனிந்து, மட்டையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போடுவார். உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம், அதனால் கங்காணி விடமாட்டார். மட்டை முள் கீறிய கோடுகள் அம்மாவின் முழங்கையில் இன்னும் இருக்கின்றன.

அந்த வேலைதான் ‘பிக் அப்’. கீழே கிடப்பது கைக்கு வருகிறது. ‘ஷீ பிக்ஸ் அப் த லூஸ் ஃப்ரூட்.’ மற்ற அர்த்தங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட, ‘இங்கே கீழே கிடந்தது எது, எடுத்தது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதி அர்த்தம் தானாக வந்துவிடும்.

அப்படியானால் பழம் பறிப்பதும் ‘பிக் அப்’ தானா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்ட அத்தைக்கு நான் கைதட்டினேன். மரத்திலிருந்து பறித்தால் வெறும் ‘பிக்’. தரையிலிருந்து எடுத்தால் ‘பிக் அப்’. ரம்புத்தானை ‘பிக்’ செய்கிறோம். டுரியானோ தானாக விழுகிறது, காலையில் போய் ‘பிக் அப்’ செய்கிறோம். தமிழில் பறி, பொறுக்கு என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோமே, அதே கணக்கு. ‘ஐ பிக்ட் அப் சம் ஃப்ளவர்ஸ்’ என்று எழுதினால் பூ கீழே கிடந்தது என்றோ, போகிற வழியில் கடையில் வாங்கினீர்கள் என்றோதான் படிப்பவர் நினைப்பார். செடியிலிருந்து பறித்ததாகத் தோன்றாது.

பள்ளியிலிருந்து பிள்ளையை ‘பிக் அப்’ செய்கிறோம். பிள்ளை கீழே கிடக்கவில்லையே?

வேன் அண்ணனின் கேள்வி இது. கேட்டுவிட்டு, ‘சில நாள் கிடக்கும் சார், மண்ணில் புரண்டுகொண்டு’ என்று அவரே சிரித்தார். ஓர் இடத்தில் காத்திருக்கும் ஆளை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகிறது என்பதே படம். தமிழில் ‘ஏற்றிக்கொள்’ என்போம். ‘ஐ’ல் பிக் யூ அப் அட் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறேன் என்று பொருள். இதற்கு எதிர்ச்சொல் ‘டிராப் ஆஃப்’, இறக்கிவிடுவது.

இந்த இடத்தில் மலேசியர்களான நாம் ஒரு தனி வழியில் போகிறோம். நமக்கு ‘ஃபெட்ச்’, ‘செண்ட்’ இரண்டும் போதும். ‘ஐ ஃபெட்ச் யூ டு ஸ்கூல்’, ‘ஐ செண்ட் யூ ஹோம்.’ மலாயில் ஜெம்புட் (போய் அழைத்துவருவது), ஹந்தார் (கொண்டுபோய் விடுவது) என்று பேசிப் பழகிய நாக்கு அப்படியே ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. ஊருக்குள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். வெளிநாட்டு ஆளிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஃபெட்ச்’ என்றால் அங்கே போய் இங்கே கொண்டுவருவது. வீட்டிலிருந்து பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதற்கு அது பொருந்தாது. ‘ஐ செண்ட் மை சன் டு திஸ் ஸ்கூல்’ என்றால் அந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், காலையில் வண்டியில் விட்டீர்கள் என்று தோன்றாது. பிக் அப், டிராப் ஆஃப் என்றால் எந்த நாட்டிலும் குழப்பமில்லை.

பொருளுக்கும் இதே வினைதான். பார்சல், மருந்து, தைக்கக் கொடுத்த ரவிக்கை என எங்கோ உங்களுக்காகக் காத்திருப்பதைப் போய் வாங்கிவந்தால் ‘பிக் அப்’. போகிற வழியில் ரொட்டி வாங்கி வரச் சொல்வதும் அதில் சேரும்.

‘பிக் யூ அப்’பா, ‘பிக் அப் யூ’வா?

‘பிக் யூ அப்.’ எத்தனை தடவை திருத்தினாலும் திரும்பி வரும் தப்பு இது. காரணமும் தெரிந்ததுதான். தமிழில் ‘உன்னை ஏற்றிக்கொள்கிறேன்’ என்னும்போது வினை உடையாமல் ஒரே துண்டாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அது இரண்டு துண்டு, நடுவில் இடம் இருக்கிறது.

வழி இதுதான். யூ, மி, ஹிம், ஹெர், இட், தெம் மாதிரிச் சின்னச் சொல் வந்தால் கட்டாயம் நடுவில் வைக்க வேண்டும். ‘பிக் இட் அப்.’ ‘பிக் தெம் அப்.’ வேறு வழி கிடையாது. பெயரைச் சொன்னால் இரண்டு பக்கமும் போகலாம். ‘பிக் அப் த கிட்ஸ்’, ‘பிக் த கிட்ஸ் அப்’ இரண்டும் சரி. சொல்ல வேண்டியது நீளமாக இருந்தால், மட்டைக்கு அடியில் கிடக்கும் அந்தப் பழங்கள் எல்லாவற்றையும் என்பது போல, அதை நடுவில் திணிக்காதீர்கள். கடைசியில் ‘அப்’ வருவதற்குள் கேட்பவர் மறந்துவிடுவார். ‘பிக் அப்’ என்று முடித்துவிட்டு நீளத்தைப் பின்னால் விடுங்கள்.

வேன் அண்ணனுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: சின்னப் பிள்ளையை நடு சீட்டில் உட்கார வைப்போம், கதவோரம் விடமாட்டோம். அடுத்த வாரம் அவர் தப்பே செய்யவில்லை.

போனை ‘பிக் அப்’ செய்வது?

பழைய போனில் ரிசீவர் தாங்கியின் மேல் படுத்திருக்கும், கையால் தூக்க வேண்டும். அந்தப் போன் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. இன்று திரையில் விரலால் தேய்க்கிறோம், ஆனாலும் ‘எடு’, ‘பிக் அப்’, மலாயில் ‘அங்காட்’ என்றுதான் சொல்கிறோம்.

ஒன்று கவனியுங்கள். இங்கே எதை என்று சொல்லவே வேண்டியதில்லை. ‘ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்’ என்றாலே அவர் போனை எடுக்கவில்லை என்று புரிந்துவிடும். ‘லிஃப்ட் த போன்’ வேண்டாம், அது போனையே தூக்கி நகர்த்துவது போலக் கேட்கும். அலுவலகக் கடிதத்தில் ‘ஆன்சர் த கால்’ என்று எழுதுங்கள்.

மொழியையும் ‘பிக் அப்’ செய்யலாமாமே?

செய்யலாம். ‘பிக் அப்’பின் அர்த்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாத்தியார் இல்லை, பாடநூல் இல்லை, சோதனை இல்லை. காதில் விழுவதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஒரு தாத்தா பள்ளி வாசலை மிதித்ததில்லை. சீனன் கடையில் மூட்டை இறக்கியே ஹொக்கியன் என்ற சீன மொழியைப் பேசினார், விலை பேசினார், தேவைப்பட்டால் ஹொக்கியனிலேயே திட்டினார். மலாயும் அவருக்கு அப்படி வந்ததுதான். ‘ஹீ பிக்ட் அப் ஹொக்கியன் அட் வொர்க்.’ இங்கே ‘லேர்ன்ட்’ என்று சொன்னாலும் தப்பில்லை, ஆனால் அவர் எங்கோ வகுப்பில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

வேலை நேர்காணலில் இந்த வித்தியாசம் உதவும். பள்ளியில் படித்ததை ‘லேர்ன்ட்’ என்றும், வேலையிடத்தில் பழகியதை ‘பிக்ட் அப்’ என்றும் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு உங்கள் கதை இரண்டே வாக்கியத்தில் தெரிந்துவிடும். ‘ஐ பிக் அப் திங்ஸ் ஃபாஸ்ட்’ என்றால் சொல்லிக் கொடுப்பதைச் சட்டென்று பிடித்துக்கொள்வேன் என்று அர்த்தம். இதையே நாம் தமிழில் ‘அவன் சீக்கிரம் பிக்கப் பண்ணிக்குவான்’ என்கிறோம்.

பிள்ளைகள் கெட்ட வார்த்தை பழகுவதும் ‘பிக் அப்’தான். எங்கே பழகினான் என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் வீட்டில்தான்.

காய்ச்சல், இருமலுக்கு?

உண்டு. ‘ஷீ பிக்ட் அப் எ காஃப் அட் ஸ்கூல்’, பள்ளியில் இருமல் ஒட்டிக்கொண்டது. சளி, இருமல், வயிற்றுப்போக்குக் கிருமி மாதிரி வெளியிலிருந்து தொற்றிக்கொள்பவற்றுக்குத்தான். சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் சொல்ல முடியாது, அவை எங்கும் கிடந்து நம் கையில் வருபவை இல்லை. கிளினிக் தங்கச்சி இதைக் குறித்துக்கொண்டாள்.

‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்று தவுக்கே (கடை முதலாளி) சொன்னார். எதைப் பொறுக்குகிறார்?

எதையும் பொறுக்கவில்லை. படுத்திருந்த வியாபாரம் தானாக எழுந்து உட்காருகிறது. இந்த வகையில் எடுக்கும் கை கிடையாது. வியாபாரம், விலை, விற்பனை, காற்று, வேகம் எல்லாம் தாமாகவே ‘பிக் அப்’ ஆகும். தமிழில் ‘சூடு பிடிக்கிறது’, ‘தலைதூக்குகிறது’ என்போம்.

ஒரு நுணுக்கம் உண்டு. முன்பு மந்தமாக இருந்தது என்ற செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. எப்போதும் கூட்டம் அலைமோதும் கடைக்காரரிடம் போய் ‘யுவர் பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்று வாழ்த்தினால் முகம் சுளிப்பார்.

பிக்கப் வண்டி, ‘வண்டியில பிக்கப் இல்ல’, இவை?

இவை பெயர்ச்சொற்கள். பின்னால் திறந்த தட்டு உள்ள வண்டி ஒன்று. சாக்கும் உரமும் ஏற்ற, தோட்டத்துக்குள் மண்சாலையில் ஓட அதுதான் தோது. மெக்கானிக் கடையில் ‘பிக்கப் இல்ல’ என்றால் முடுக்கினால் வேகம் எடுக்கவில்லை என்று பொருள். உச்சரிப்பு மட்டும் பாருங்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம், சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிக்கப். வினையாக வரும்போது ‘அப்’பும் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

இதை எங்கே சொல்லக்கூடாது?

படிவம் 5 (இடைநிலைப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) மாணவி ஒருத்தி கட்டுரையில் எழுதியிருந்தாள். இரவுச் சந்தையில் கால் தடுக்கிக் கால்வாயோரம் விழுந்தாளாம், யாரோ ஒரு பையன் கைகொடுத்துத் தூக்கிவிட்டானாம். ‘எ பாய் பிக்ட் மி அப் அட் த நைட் மார்க்கெட்’ என்று எழுதிவிட்டாள். நல்ல மனத்தோடு எழுதிய வரிதான். படிப்பவருக்கு வேறு கதை தெரியும். முன்பின் அறியாத ஒருவரிடம் காதல் நோக்கோடு பேச்சுக் கொடுத்து மடக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ என்றுதான் பெயர். அப்படி அவிழ்த்துவிடும் அசட்டு வசனத்துக்குப் ‘பிக்கப் லைன்’ என்று பெயர்.

விழுந்த பெரியவரை எழுப்பிவிட்டால் ‘ஹெல்ப்ட் மி அப்’ என்று எழுதுங்கள். சின்னக் குழந்தை விழுந்து அதை அள்ளித் தூக்கினால் ‘பிக்ட் அப்’ தாராளமாகச் சொல்லலாம். விழுந்தவர் தாமே எழுந்தால் ‘பிக்ட் ஹெர்செல்ஃப் அப்’. மாணவியிடம் காரணத்தை முழுக்க விளக்கவில்லை. அவளே போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிவந்துபோனாள்.

இன்னொன்று: ‘த போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்றால் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பொருள். போலீஸ்காரர் நண்பராக இருந்து, வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

‘பிக் அப் த பில்’ நம்ம பெலாஞ்சாதானே?

கிட்டத்தட்ட. பெலாஞ்சா என்றால் மலாயில் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்து உபசரிப்பது. மேசைமேல் கிடக்கும் பில்லை யார் கையில் எடுக்கிறாரோ அவர் கட்டுகிறார். ஆனால் மாமாக் கடையில், இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், இரண்டு தே தாரிக்குக்கு (ஆற்றிய பால் தேநீருக்கு) இது கொஞ்சம் பெரிய பேச்சு, ‘மை ட்ரீட்’ போதும். கம்பெனி விருந்து, கல்யாணச் செலவு என்றால் பொருத்தமாக இருக்கும். வேண்டாத செலவு தலையில் விழுந்த சலிப்பைச் சொல்லவும் செய்தித்தாள்களில் இது வரும்.

போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கு?

‘லெட்ஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்.’ கீழே வைத்துவிட்டுப் போன பாடத்தைத் திரும்பக் கையில் எடுக்கிறோம். வகுப்பை நான் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

‘பிக் ஆன்’, ‘பிக் அப் ஆன்’, ‘பிக் அவுட்’ எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை. ‘பிக் ஆன்’ என்றால் ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. பள்ளியில் பெரிய பையன்கள் சின்னவனிடம் செய்வது. ‘பிக் அவுட்’ என்றால் பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, தீபாவளிக்குச் சேலை எடுப்பதுபோல. ‘பிக் அப் ஆன்’ நுட்பமானது. யாரும் வாய்விட்டுச் சொல்லாததைக் குறிப்பால் உணர்வது. மருமகள் முகம் வாடியிருப்பதை மாமியார் கவனித்துவிட்டால், ‘ஷீ பிக்ட் அப் ஆன் இட்.’

உச்சரிப்பில் என்ன தப்பு செய்கிறோம்?

இறந்தகாலத்தைப் ‘பிக்கெட்’ என்று இரண்டாக உடைக்கிறோம். எழுத்தில் அப்படித் தெரிந்தாலும் வாயில் ஒரே அசை, கடைசியில் ‘ட்’ மட்டும்: பிக்ட். அப்புறம் அந்த ‘ட்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: ‘பிக்டப்’. ‘பிக்டிடப்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதுதான் ‘பிக்ட் இட் அப்’. படங்களில் இது காதில் விழாமல் போவதற்கும் இந்த ஒட்டல்தான் காரணம்.

அமெரிக்கப் படத்தில் அம்மா ‘பிக் அப் யுவர் ரூம்’ என்கிறாரே?

அறையை ஒழுங்குபடுத்து என்று சொல்கிறார். தரையில் கிடக்கும் துணி, பொம்மையை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்வது. பிரிட்டிஷ்காரர்கள் ‘டைடி அப்’ என்பார்கள், நம் பள்ளிப் புத்தகங்களிலும் அதுதான் அதிகம்.

தமிழ் பேசும்போது ‘பிக்கப் பண்ணு’ என்று சொல்லலாமா?

எழுத்தில் நான் தவிர்ப்பேன். ‘ஏற்றிக்கொள்’, ‘போய் எடுத்து வா’, ‘பழகிக்கொள்’ என்று ஒவ்வோர் இடத்துக்கும் தமிழில் தனிச்சொல் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே ‘பிக்கப்’ போடுவது ருசியாக இல்லை. பேச்சில் யார் என்ன சொல்வது? வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வேன் அண்ணனுக்கு வீட்டிலிருந்து போன் வரும். அத்தைகள் இருவரையும் வழியில் இறக்கிவிடுவது அவர்தான். ‘பிக்கப் பண்ணிட்டேன் புள்ள, வந்துகிட்டே இருக்கேன்’ என்பார். அத்தைகள் அதற்குள் வேனில் ஏறி, எனக்கு நடு சீட்டா உனக்கு நடு சீட்டா என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.